உருளைக்கிழங்கு அல்வாவும் பாட்டிமாரின் தீர்ப்பும்

நவராத்திரி தொடங்கியதும் வட இந்தியாவில் விரதம் இருக்கும் வீடுகளில் அரிசி, கோதுமை, பருப்பு மூன்றும் அடுப்படியை விட்டு வெளியேறிவிடும். வெங்காயம், பூண்டு கிடையாது. சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு. ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் கிருஷ்ண ஜயந்திக்கும் ஏறக்குறைய இதே கட்டுப்பாடுதான். அந்த நாட்களில் சாமிக்குப் படைத்துவிட்டு வீட்டார் உண்ணும் இனிப்புகளில் உருளைக்கிழங்கு அல்வாவுக்குத் தனி இடம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் அதை ஆலு கா ஹல்வா என்பார்கள், குஜராத்தில் படாட்டா நோ ஷீரோ. பெரும்பாலான வீடுகளில் ஏட்டைப் பார்த்து அதைக் கற்பதில்லை. பாட்டி கிளறும்போது பக்கத்தில் நின்ற பேத்தி கற்றுக்கொள்கிறாள், பின்னாளில் அவளே பாட்டியாகிறாள். தலைமுறை தலைமுறையாகச் செய்வது என்று அந்த வீட்டுப் பெண்கள் சொல்லும்போது, அதில் நாக்கு ருசியைத் தாண்டிய ஒரு பக்தி இருக்கிறது. அந்தப் பக்திக்கு நியாயம் உண்டா? ஏனென்றால் அந்த அல்வாவின் மூலப்பொருள், ஏகாதசி மகிமையைச் சொல்லும் புராணங்கள் உருவான காலத்தில் இந்த நாட்டிலேயே இல்லை.

உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பயிர். இன்றைய பெரு, பொலிவியா நாடுகளில் டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய மேட்டுநிலத்து மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதைப் பயிராக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். இந்தியாவின் மேற்குக் கரைக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது என்பார்கள். ஆனால் சாதாரண வீடுகளின் அன்றாட உணவாக அது பரவியது ஆங்கிலேயர் காலத்தில், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில்தான். நம் நீலகிரியில் 1820களில் ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவன் பயிரிட வைத்த ஐரோப்பியக் காய்களில் இதுவும் ஒன்று. இன்று பாட்டியாக இருப்பவரின் பாட்டிக்குப் பாட்டி காலத்தில் உருளைக்கிழங்கு பல ஊர்களில் புதிய காயாகவே இருந்திருக்கும். விரதத் தட்டில் இது மட்டும் அந்நியம் என்றும் சொல்ல முடியாது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நிலக்கடலை, பச்சை மிளகாய், ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. விரத ரொட்டிக்கு மாவாகும் ராஜ்கீரா என்ற கீரை விதையும் அங்கிருந்துதான் வந்தது என்பது பெரும்பாலான தாவரவியலாளர் முடிவு. மகாராஷ்டிரத்து ஏகாதசிக்குக் கிச்சடியாகும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி நம் சேலத்து ஆலைகளிலிருந்து போகிறது. சிந்துவெளிக் காலத்திலிருந்து இங்கே விளைந்த கோதுமைக்கு விரத நாளில் அனுமதி இல்லை, கப்பலேறி வந்த கிழங்குக்கு இருக்கிறது.

இதைக் கேட்டதும் இரண்டு விதமான பதில்கள் உடனே வரும். பாரம்பரியம் என்பதே பொய், நேற்று முளைத்ததை ஆதிகாலத்தது என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்பது ஒன்று. உருளைக்கிழங்கு நம் ரிஷிகளுக்கே தெரிந்திருந்தது, வரலாற்றுக்காரர்கள் மறைக்கிறார்கள் என்பது மற்றது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரு தரப்பும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருக்கின்றன. ஒரு பழக்கத்தின் மதிப்பு அதன் வயதில் இருக்கிறது என்று இருவருமே நம்புகிறார்கள். வயது போதாது என்று ஒருவர் தள்ளுகிறார், மற்றவர் வயதைக் கூட்டிச் சொல்கிறார். என் கட்சி வேறு. நூல் எதுவும் பெயர் சொல்லாத ஒரு பொருள் வீட்டு வாசலுக்கு வந்தபோது, விரதத்தின் நோக்கம் என்ன, இது அதற்கு ஒத்துவருமா என்று யோசித்து யாரோ ஒரு பெண் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். பாட்டி நமக்குக் கைமாற்றித் தந்தது அந்தத் தீர்ப்பு. பாரம்பரியத்தில் மதிக்கத்தக்கது எதுவோ அது அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது.

தீர்ப்பு என்று பெரிய வார்த்தை போடுகிறேனே, உண்மையில் அது கண்மூடித்தனமாக நுழைந்த பழக்கமாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். மக்காச்சோளத்தைப் பாருங்கள். அதுவும் அதே அமெரிக்காவிலிருந்து வந்தது. அதையும் சாஸ்திரங்கள் பெயர் சொல்லித் தடுத்ததில்லை. எது வந்தாலும் ஏற்பது என்று அடுப்படி இருந்திருந்தால் மக்காச்சோள மாவும் விரதத் தட்டில் ஏறியிருக்கும். பொதுவாக ஏறவில்லை. புல்லினத்தில் கதிர் விட்டு மணி பிடிப்பது பொதுவாகத் தானியம், தானியம் விரதத்துக்கு ஆகாது என்று அதை ஒதுக்கினார்கள். ராஜ்கீரா மணியாக இருந்தும் கீரைச் செடியின் விதை என்பதால் உள்ளே வந்தது. உருளைக்கிழங்கு சேனையும் சேம்பும் போல மண்ணுக்குள் இருப்பது என்பதால், முன்பே அனுமதி பெற்ற கிழங்குகளின் வரிசையில் உட்கார்ந்தது. அந்தப் பெண்கள் எழுதி வைக்கவில்லை, ஆனால் வகைப்படுத்தியிருக்கிறார்கள். வகைப்படுத்துவது யோசிப்பவர் வேலை.

அல்வா கிளறுவதைக் கவனித்தாலும் இது தெரியும். கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உரித்துத் துருவுகிறார்கள். மிக்ஸியில் அடித்தால் மாவுச்சத்து பசையாகிவிடும். அடி கனமான கடாயில் நெய் காய்ந்ததும் துருவலைப் போட்டு, பச்சை வாசனை போய்ப் பொன்னிறம் தட்டும்வரை கிளறுகிறார்கள். சர்க்கரை சேர்ந்தால் ஒருமுறை இளகும், திரும்ப இறுகும். ஓரங்களில் நெய் கசியத் தொடங்கியதும் ஏலக்காய் தூவி இறக்குகிறார்கள். சித்திரை நவராத்திரி மார்ச், ஏப்ரலில் வரும்போது புதுக் கிழங்கு கிடைக்கும். அதில் ஈரம் அதிகம், கிளறும் நேரமும் அதிகம். சாரதா நவராத்திரிக்குக் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி குளிரில் சர்க்கரையாகியிருக்கும். அதற்குச் சர்க்கரையைக் குறைக்க வேண்டும், சீக்கிரம் கருகும் என்பதால் தீயையும் குறைக்க வேண்டும். ரவையும் கோதுமை மாவும் இல்லாத நாளில் அல்வாவுக்கு உடம்பு கொடுக்கக்கூடிய மாவுப்பொருள் எது என்று தேடி, இந்தக் கிழங்கைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நெய், ஏலக்காய், கிளறும் முறை, படையல் எல்லாம் பழையவை. புதியதை அவற்றின் நடுவில் வைத்துப் பக்குவப்படுத்தியதுதான் அந்தக் கையின் அறிவு.

அடுப்படிப் பெண்களுக்கு தர்மத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? இதற்கு வைதிக மரபிலேயே ஒரு விடை இருக்கிறது. ஆபஸ்தம்ப தர்மசூத்திரம் தன் முடிவுக்கு வரும்போது, நூலில் சொல்லாமல் எஞ்சிய தர்மங்களைப் பெண்களிடமிருந்தும் எல்லா வர்ணத்தாரிடமிருந்தும் தெரிந்துகொள்ளலாம் என்று சிலர் கருதுவதாகக் குறிப்பிடுகிறது. நூல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதை நூல் எழுதியவரே ஒப்புக்கொண்ட இடம் அது. வேத வாக்கியங்களை ஆராயும் மீமாம்சையில் ஹோலாகா அதிகரணம் என்ற பகுதி வட்டார வழக்கங்களை எடுத்துக்கொண்டு, கிழக்கத்தியர் ஒன்றைச் செய்கிறார்கள், தெற்கத்தியர் இன்னொன்றைச் செய்கிறார்கள், இவற்றின் அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்று விசாரிக்கிறது. நம் கண் முன்னால் இருக்கும் உதாரணம் நவராத்திரியே. அதே தேவிக்கு, அதே ஒன்பது இரவுகளில், தமிழ்நாட்டில் கொலு வைத்துத் தினம் ஒரு சுண்டல் படைக்கிறோம். கடலை, பட்டாணி, மொச்சை என்று பருப்பினம்தான் இங்கே பிரசாதம். வடக்கே விரத வீட்டில் அதே பருப்பினம் அந்த ஒன்பது நாளும் விலக்கு. தேவி இரண்டையும் ஏற்கிறாள் என்றுதானே இரு பக்கமும் நம்புகிறோம்?

ஆனால் மீமாம்சையை ஒரு கையால் துணைக்கு அழைத்தால், அது மறு கையால் தரும் அடியையும் வாங்க வேண்டும். ஒரு பழக்கத்துக்குப் பேராசை போன்ற கண்கூடான காரணம் தெரிந்தால், அதற்கு வேத மூலம் உண்டென்று ஊகிக்கக்கூடாது என்கிறது அந்த மரபு. அல்வா விஷயத்தில் காரணம் கண்கூடானது: ருசியும் பசியும். அப்படியானால் அதற்கு எந்தப் புனிதமும் இல்லை என்றாகாதா? அல்வா தின்பது தர்மம் என்று நான் வாதாடவில்லை. தானியத்தை விட்டிருப்பதுதான் விரதம். அல்வா அந்த விரதம் முறியாமல் இருக்கக் கொடுத்த ஊன்றுகோல். ஊன்றுகோலுக்குப் புண்ணியம் இல்லை என்பது சரி. அதைக் கொடுத்தவளின் கருணைக்கு மதிப்பு இல்லை என்பது சரியாகாது.

இதைவிடக் கடுமையான கேள்வி நம் ஊரிலிருந்தே வரும். தமிழ்நாட்டு பிராமண வீடுகளில் சிராத்தச் சமையலில் உருளைக்கிழங்குக்கு இடமில்லை. தக்காளி, முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் எதுவும் கூடாது. மிளகாய்க்குப் பதில் மிளகு. வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டை, கறிவேப்பிலை என்று நாட்டுச் சரக்கோடு சமையல் முடியும். பூரி ஜகந்நாதர் கோயில் மகாபிரசாதத்திலும் உருளைக்கிழங்கும் தக்காளியும் சேர்ப்பதில்லை. பழமைதான் புனிதம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். சிராத்தத்தில் இலை யாருக்குப் போடுகிறோம் என்று பார்த்தால் விஷயம் வேறாகத் தெரிகிறது. இலை பித்ருக்களுக்கு. அவர்களுக்குப் பழக்கமான, பிடித்தமான உணவை வைப்பது முறை. அவர்கள் கண்டிராத காயை வைப்பது, வீட்டுக்கு வந்த பெரியவர் சாப்பிட மாட்டார் என்று தெரிந்தே ஒன்றைப் பரிமாறுவதற்குச் சமம். இப்படிப் படித்தால், ஒதுக்கியதற்கும் ஏற்றதற்கும் பின்னால் இருப்பது ஒரே யோசனை. யாருக்குப் பரிமாறுகிறோம், எதற்காக என்பதுதான் அது.

இந்த விளக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சிராத்தத்தில் பெயர் சொல்லி அழைப்பது தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என்ற மூன்று தலைமுறையை. இன்று ஐம்பது வயதில் சிராத்தம் செய்பவரின் தந்தை உருளைக்கிழங்குப் பொரியல் இல்லாமல் சாப்பாட்டில் உட்காராதவராக இருந்திருக்கலாம். அவருக்குப் பழக்கமானது என்ற காரணம் இன்று அப்படியே பொருந்தாது. ஆனாலும் விதி நிற்கிறது, நிற்கட்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை இருநூறு வருஷத்துக்கு முந்தைய சமையலை ஒரு வீடு தன் கையால் செய்து பார்ப்பது சாதாரணக் காரியமில்லை, வேறெந்த வழியிலும் அந்த நினைவு தங்கியிருக்காது. என் வாதம் அதை மாற்றச் சொல்வதற்கானதில்லை. அந்த விலக்கைக் காட்டி, வடக்கத்திப் பாட்டி உருளைக்கிழங்கை ஏற்றது ஆசாரக் கேடு என்று சொல்ல முடியாது என்பதற்கானது. சமணர்கள் மூன்றாவது வழியில் போனார்கள். மண்ணுக்கடியில் விளையும் கிழங்கின் ஒரே உடலில் எண்ணற்ற உயிர்கள் குடியிருக்கின்றன என்பது அவர்கள் கொள்கை. புதிதாக வந்த உருளைக்கிழங்கை அந்தக் கொள்கையால் அளந்து தள்ளினார்கள். அதுவும் யோசித்த தீர்ப்பு. ஒரே கிழங்குக்கு மூன்று வீடுகளில் மூன்று தீர்ப்பு, மூன்றிலும் காரணம் உண்டு.

இது நம் நாட்டு விசித்திரம் என்றும் எண்ண வேண்டாம். யூதர்கள் பாஸ்கா பண்டிகையின்போது கோதுமை, பார்லி உள்ளிட்ட ஐந்து தானியங்களில் புளித்த எதையும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்கள் அதற்கு மேல் ஒரு படி போய், அரிசியையும் பருப்பு வகைகளையும்கூட விலக்கும் வழக்கத்தை இடைக்காலத்தில் ஏற்படுத்திக்கொண்டார்கள். பிறகு வந்த மக்காச்சோளத்தையும் விலக்கினார்கள். உருளைக்கிழங்கை விலக்கவில்லை. அதன் மாவில் செய்யும் கேக் அந்த வீடுகளில் பாஸ்கா இனிப்பாகிவிட்டது, அதுவும் பாட்டிமார் வழியாகத்தான் இறங்கி வருகிறது. 20ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கில் வாழ்ந்த ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் நிலக்கடலை குறித்துத் தீர்ப்புச் சொன்னபோது, இந்த விலக்கு வழக்கத்தால் வந்தது, வழக்கம் ஏற்பட்டபோது இல்லாத பொருளுக்கு அது தானாக நீளாது என்று வாதிட்டு, உருளைக்கிழங்கை உதாரணம் காட்டினார். காசிப் பக்கத்துப் பாட்டியும் போலந்து யூதப் பாட்டியும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை. இருவரும் மக்காச்சோளத்தை வெளியே நிறுத்திக் கிழங்கை உள்ளே அழைத்தார்கள். தற்செயல் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

சரி, நெய் சொட்டும் அல்வாவோடு என்ன விரதம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நியாயமான கேள்வி. ஏகாதசி என்றால் முழுப் பட்டினி என்பதுதான் உயர்ந்த நிலை என்று நூல்கள் சொல்கின்றன. முடியாதவர்களுக்குத்தான் பழமும் கிழங்கும் பாலும். வயதானவர், நோயாளி, பிள்ளைத்தாய்ச்சி, குழந்தைகள் ஆகியோரும் கூட்டத்தில் சேர்ந்து விரதம் இருக்க வழி செய்தது அந்தச் சலுகை. அல்வா அவர்களுக்கு உரியது. உடல் திடமாக இருப்பவர் மூன்று வேளையும் அதைத் தின்றுவிட்டு விரதம் இருந்தேன் என்றால், பாட்டியின் தீர்ப்பை அவர் காப்பாற்றவில்லை, பயன்படுத்திக்கொள்கிறார். வறுவல் பாக்கெட்டின்மேல் விரதத்துக்கு உகந்தது என்று அச்சிட்டு விற்பதும் அப்படித்தான். தானியம் இல்லை என்ற விதியின் எழுத்து அதில் இருக்கிறது. யாருக்காக அந்த விதி தளர்ந்தது என்ற நினைப்பு இல்லை.

பாட்டிமாரை நான் மிகவும் உயர்த்திவிட்டேன் என்று யாராவது சொன்னால் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். தீண்டாமையும் அதே அடுப்படி வழியாகத்தான் கைமாறியது. தனி டம்ளர் வைத்ததும், மாதவிலக்கான பெண்ணை ஒதுக்கி உட்காரவைத்ததும் பாட்டிமார் கற்றுக்கொடுத்தவைதான். 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் ஏகாதசி அன்று சிறுமி விதவைகளுக்குக்கூடத் தண்ணீர் கொடுக்காத வீடுகள் இருந்தன. அங்கே காவலுக்கு நின்றவர்களில் பெண்களும் உண்டு. இதை மறைத்துக்கொண்டு பாரம்பரியம் பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் இந்த உண்மை என் கட்சியைப் பலவீனப்படுத்தவில்லை. கைமாறி வந்தது என்பதே போதுமான சான்று என்று சொல்பவர்களுக்குத்தான் இது தலைவலி. காரணத்தைக் கேள் என்று சொல்கிறவனுக்கு, தண்ணீர் மறுத்ததையும் அல்வா கொடுத்ததையும் பிரித்தறிவதில் சிரமமில்லை. ஒன்று விதிக்காக ஒரு குழந்தையை வதைத்தது. மற்றது விதியையும் காத்து, குழந்தையையும் காத்தது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே விரத நாளில் நடந்திருக்கக்கூடும் என்பதால்தான் தீர்ப்பை ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அப்படி விசாரிக்க வேண்டிய ஒரு பொருள் இப்போதே சந்தையில் இருக்கிறது. உருளைக்கிழங்கு பிறந்த அதே ஆண்டீஸ் மேட்டுநிலத்திலிருந்து வந்த கீன்வா, பெருநகரக் கடைகளில் விரதச் சரக்கோடு சேர்த்து வைக்கப்படுகிறது. புல்லினம் இல்லை, ராஜ்கீராவுக்கு உறவான செடியின் விதை. பாட்டிமார் வகுத்த வரிசைப்படி பார்த்தால் அதை ஏற்கத் தடையில்லை என்பது என் எண்ணம். கடைக்காரர் ஒட்டிய சீட்டை நம்பி வாங்காமல், விரதம் இருக்கும் பெண்கள் தாங்களே பேசி இதைத் தீர்மானிக்கட்டும். வீட்டில் விரதச் சமையல் தெரிந்த மூத்தவர் இருந்தால், கிலோவுக்கு எவ்வளவு நெய் என்பதோடு, இதை யாருக்காகச் செய்தீர்கள், எதை எதற்காகச் சேர்க்கவில்லை என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.